பாதங்காத்த வரலாறு

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப் பாதையில், சூலூர்ப்பேட்டையைக் கடந்து சிறிது தொலைவில் உள்ளது நாயுடுபேட்டை. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. வடக்கேயிருந்து நெடுஞ்சாலை வழியே வரும் யாத்திரிகர் பலர் இங்கேதான் மேற்கே திரும்பித் திருக்காளத்திக்கும் திருப்பதிக்கும் செல்கின்றனர். காளத்தி மலையடியைத் தழுவி வரும் பொன்முகலியாறும் இவ்வூர்ப் பக்கமாகவே ஓடிக் கடலை அடைகின்றது. அந்தக் காளத்தியிலேதான், கண்ணப்பர் தம் இரண்டாவது கண்ணையும் தோண்டி அப்ப முற்பட்டபோது, இடம் தெரிவதற்காகத் தம் காலையே இறைவன் கண்ணருகில் அடையாளமாக ஊன்றிக்கொண்டார் என்று நம் முன்னோர் சொல்லி வந்துள்ளனர். கண்ணின் பொருட்டுக் கால் உதவிய வரலாறு அது. காலின் பொருட்டுக் கண் உதவ வேண்டிய வேறொரு வரலாற்றை நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம். அதுவும் இந்த வட்டாரத்தை அடுத்து நிகழ்ந்ததேயாகும்.

காலணியைக் கழற்றிவிட்டு நடப்பது நம் நாட்டில் வழிபாட்டின் ஓர் அங்கம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் பழைய வழியில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. அவற்றை வெறுங்காலோடு ஏறுவதே மரபு. சித்திரை வைகாசி மாதங்களில் நண்பகல் வேளையில் கோவில் வீதியின் கல் எவ்வாறு கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். நலமுள்ளவன் கால் சுட்டதும் ஓடிப்போய் நிழலில் நிற்பான். நீரிழிவு நோய் பல ஆண்டுகள் பற்றி, பாதத்து நரம்புகள் மரத்துப் போனவருக்கோ சூடு தெரிவதில்லை. அவர் நிதானமாகவே நடந்து செல்வார். பார்ப்பவர்கள் அதை மன உறுதி என்று எண்ணி வியப்பதும் உண்டு. வீடு திரும்பிய பிறகு உள்ளங்காலில் கொப்புளம் எழுந்திருக்கும். வலி இல்லாமையால் அதை அவர் பொருட்படுத்த மாட்டார். அந்தக் கொப்புளம் உடைந்து புண்ணாகி, புண்ணில் சீழ் பிடித்து, விரல் கறுத்த பிறகு மருத்துவரிடம் சென்றால், 'காலை எடுக்க வேண்டும்' என்னும் சொல்லைக் கேட்க நேரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்று நடத்தி 2023-இல் வெளியான பேராய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். அவர்கள் அனைவருக்கும் கால் மரத்துப் போய்விடும் என்பதில்லை. ஆயினும் நோய் நீடிக்க நீடிக்க அந்த அபாயம் வளர்ந்துகொண்டே வரும்.

சர்க்கரைக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் உடலின் மிக நீண்ட நரம்புகள் முதலில் பழுதடைகின்றன. முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து கால் விரல் நுனிவரை ஓடும் நரம்புகளே அவ்வகையில் மிக நீண்டவை. ஆகவே உணர்ச்சி விரல் நுனியிலே குன்றத் தொடங்கி, காலுறை அணிந்தாற்போலப் படிப்படியாக மேலே ஏறுகின்றது. நரம்பு கெட்ட பாதத்தில் வியர்வையும் வற்றும். தோல் உலர்ந்து, பித்தவெடிப்புத் தோன்றி, அழுக்கும் கிருமியும் நுழைவதற்கு வழியாகிவிடும். பாதத்துச் சிறு தசைகள் தளர்வதால் விரல்கள் கொக்கிபோல் வளைந்து, உடற்பாரம் முழுவதும் முன்பாதத்து எலும்பு முனைகளில் வந்து தங்கும். அங்கே தோல் காய்த்துப் போகும். கால் ஆணி என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் அந்தக் காய்ப்பு, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் போல அழுத்தி அடித்தசையை நசுக்கும். இவற்றோடு இரத்தக் குழாய்கள் சுருங்கியிருந்தால் புண் ஆறுவதற்கு வேண்டிய இரத்தமும் வந்து சேராது. புகைபிடிக்கும் பழக்கம் இந்தக் கேட்டைப் பன்மடங்காக்கும்.

மேல்நாட்டு மருத்துவர்கள் இதை ஓரளவு முன்பே கண்டிருந்தனர். இங்கிலாந்தில் பிரெடரிக் டிரீவ்ஸ் என்னும் அறுவை மருத்துவர், உள்ளங்காலைத் துளைக்கும் புண்களைச் சுற்றியுள்ள காய்ப்பைச் சீவியெடுத்து ஓய்வு தந்தால் அவை ஆறும் என்று 1884-இல் எழுதினார். நீரிழிவுக்கும் அத்தகைய புண்ணுக்கும் நரம்புக் கேடே தொடர்பு என்பதை டேவிஸ் பிரைஸ் 1887-இல் எடுத்துக் காட்டினார். ஆனால் அக்காலத்தில் நீரிழிவாளர் பலர் கால் புண் தோன்றும்வரை உயிரோடிருந்ததே அரிது. 1921-ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு, மறு ஆண்டிலேயே நோயாளிகளுக்கு வழங்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. மயக்கமுற்று மாண்டுகொண்டிருந்தவர்கள் பிழைத்தனர், பல்லாண்டு வாழ்ந்தனர், வாழ்ந்த பிறகு கால்களை இழக்கலாயினர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நீரிழிவு மருத்துவத்திற்குத் தலைமை பூண்டிருந்த எலியட் ஜாஸ்லின், 1934-இல் இப்புதிய ஆபத்தைக் குறித்து எச்சரித்து, பாதத் தூய்மையை வற்புறுத்தினார். புண்ணை ஆற்றும் உறுதியான வழியும், ஆறிய புண் மீண்டும் வராமல் தடுக்கும் வழியும் இன்னும் கைவரவில்லை. அவை வேறொரு நோயிலிருந்து, அதுவும் உலகம் அருவருத்து ஒதுக்கிய தொழுநோயிலிருந்து, கிடைத்தன என்பதே இவ்வரலாற்றின் வியப்பு.

இனி நாம் வேலூருக்குச் செல்வோம். சித்தூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1911 வரையில் இரண்டும் ஒரே வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தவை. சித்தூரே அம்மாவட்டத்தின் தலைநகராய் விளங்கியது. இன்றும் சித்தூர், திருப்பதிப் பக்கத்து மக்கள் பெரிய நோய் என்றால் வேலூருக்கு வண்டியேறுவதைக் காணலாம். அங்கே ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் எனினும் அவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மலைவாழ் மக்களின் பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடியாடி வளர்ந்தவர் பாதங்களைக் காக்கும் மருத்துவரானது பொருத்தமே.

1947-இல் அவர் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அதன் தலைவர் ராபர்ட் காக்ரேன், விரல்கள் மடங்கிய கைகளைக் காட்டி, எலும்பு மருத்துவர் எவரும் இவற்றை ஆராய முன்வரவில்லையே என்று கேட்டார். அந்தக் கேள்வி பிராண்டை விட்டு நீங்கவில்லை. தொழுநோயால் சதை தானாக அழுகி, விரல்கள் உதிர்ந்து விழுகின்றன என்றே அக்காலத்தில் மருத்துவரும் நம்பினர், மற்றவரும் நம்பினர். பிராண்ட் அதை ஐயுற்றார். அவர் மடங்கிய கைகளை அறுவை முறையால் நிமிர்த்திய வரலாறு தனியே சொல்லத்தக்கது. நம் பேச்சு பாதத்தைப் பற்றியது ஆகையால் அதை இங்கே விரிக்கவில்லை. ஆயினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட இயலாது. வேலூரில் நோய் தணிந்த இளைஞர்கள் சிலருக்காக அவர் ஒரு சிறு குடியிருப்பை அமைத்தார். அங்கே சிலர் காலையில் எழுந்து பார்த்தால் விரலில் ஒரு பகுதி காணாமற் போயிருக்கும். நோய் தின்றுவிட்டது என்று எண்ணாமல், இரவில் விழித்திருந்து பார்த்தபோது உண்மை புலப்பட்டது. எலிகள் வந்து கடித்திருந்தன. உறங்கியவருக்கு வலி இல்லாமையால் விழிப்பு வரவில்லை. பூனைகளை வளர்க்கச் சொன்னார் பிராண்ட். பூனை வந்தபின் அந்த இழப்பு நின்றது. ஒரு கொடிய நோயின் செயல் என்று கருதப்பட்டதற்கு ஒரு பூனை மருந்தாயிற்று.

இதன் பிறகு ஒவ்வொரு புண்ணுக்கும் காரணத்தைத் தேடும் வழக்கம் அங்கே வேரூன்றியது. புண் தானாக வருவதில்லை. சுட்டதாலோ, குத்தியதாலோ, அழுத்தியதாலோ வருகின்றது. அழுத்தத்திலும் வகை உண்டு என்று பிராண்ட் பிரித்துக் காட்டினார். முள்ளோ கண்ணாடித் துண்டோ குத்துவது ஒருவகை. அது கண்ணுக்குத் தெரியும். இறுக்கமான செருப்பின் வார் மணிக்கணக்கில் மெல்ல அழுத்தி, இரத்த ஓட்டத்தைத் தடுத்துத் தோலைச் சாகடிப்பது மற்றொரு வகை. மூன்றாவதே மிகவும் வஞ்சகமானது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடிகள் எடுத்து வைக்கின்றோம். ஒவ்வோர் அடியும் தனியே பார்த்தால் தீங்கற்றதே. நமக்கு உணர்ச்சி இருப்பதனால், சிறிது நேரம் நடந்ததும் பாரத்தை அறியாமலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றிக்கொள்கின்றோம். சிறிது நொண்டவும் செய்கின்றோம். அந்த நொண்டலே பாதத்தின் காவல். உணர்விழந்தவர் நொண்டுவதில்லை. முதல் அடியை வைத்த இடத்திலேயே ஐயாயிரமாவது அடியையும் வைக்கின்றார். தோலுக்கு அடியிலே தசை கன்றி, சூடேறி, நசிந்து, இறுதியில் வெளியே புண்ணாகத் திறக்கின்றது. ஆகையால் புண் திறப்பதற்கு முன்பே, நடந்து வந்த பாதத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஓரிடம் மட்டும் சுடுகின்றதா என்று அறிய வேண்டும் என்பது அவர்களுடைய பாடங்களுள் ஒன்றாயிற்று.

வலி இல்லாமையின் அச்சம் எத்தகையது என்பதைப் பிராண்ட் தாமே ஓர் இரவு அனுபவித்தார். நீண்ட பயணத்திற்குப் பின் இலண்டனில் தங்கியிருந்தபோது, காலுறையைக் கழற்றிய அவருக்குக் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று கருதி, குடும்பத்தையும் பணியையும் எண்ணி இரவெல்லாம் கலங்கினார். பொழுது விடிந்ததும் மீண்டும் குத்திப் பார்த்தார். வலி சுரீரென்று தாக்கியது, மகிழ்ச்சியால் கூவிவிட்டார். இரயிலில் அசையாமல் அமர்ந்து வந்ததால் ஒரு நரம்பு சற்று மரத்திருந்ததே காரணம். வலியை ஒரு வரமென்று அவர் பிற்காலத்தில் எழுதியதற்கு இந்த இரவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷீஃப்லின் பெயரால் ஒரு தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கும் வேலூரிலும் நடந்த பணிகளுள் மிக எளியதும், நம் பொருளுக்கு மிக வேண்டியதும் செருப்புத் தைக்கும் பணியேயாகும். மரக்கட்டையாலான பாதக்குறடுகளைக்கூட முயன்று பார்த்தனர். பின்னர் நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பர் கைகொடுத்தது. நம் ஊர்களில் இன்றும் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று சொல்லப்படுவது இதனால் ஆகியதே. அதன் அமைப்பை நேயர்கள் சற்றே உற்று நோக்க வேண்டும். பாதம் படும் மேற்பகுதி மெத்தென்று இருந்து, பாரத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பித் தருகின்றது. அடிப்பகுதியோ கெட்டியானது, கருவேல முள் துளைக்காது. வார்கள் அகலமானவை. குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் உண்டு. உணர்வில்லாத பாதத்திலிருந்து செருப்பு நழுவினாலும் தெரியாது ஆகையால் அது இன்றியமையாதது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே நுழையும் வார் இராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆணி அடித்தல் கூடாது. தைத்தோ ஒட்டியோதான் செய்ய வேண்டும். தேய்ந்த செருப்பின் ஆணி மேலெழும்பி உள்ளங்காலில் ஏறியதை அறியாமல் நாள் முழுவதும் நடந்தவர்கள் உண்டு.

ஆறாத புண்ணை ஆற்றுவதற்கு மற்றொரு முறை பயன்பட்டது. பாதத்தோடும் கணைக்காலோடும் படிய மாக்கட்டுப் போட்டு, அதனோடேயே நோயாளியை நடக்கவிடுவது அது. கட்டு பாரத்தை முழுக்காலிலும் பகிர்ந்துவிடுவதால் புண்ணுக்கு ஓய்வு கிட்டுகின்றது. நோயாளி படுத்த படுக்கையாய்க் கிடக்க வேண்டியதில்லை. இம்முறையைத் தொழுநோய்ப் புண்களுக்கு 1930-களில் கையாண்டவர், கொழும்பில் அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கிய இலங்கைத் தமிழர் மில்ராய் பால். இந்தியாவில் ஜோசப் கான் என்பவர் அதைப் பின்பற்றினார். பிராண்ட் அதனை வேலூரில் செம்மைப்படுத்தினார். உலகின் பெரிய மருத்துவமனைகளில் இன்று கையாளப்படும் ஒரு முறைக்கு நம்மவர் ஒருவர் தொடக்கம் செய்தார் என்பதைத் தமிழ் மக்களுள் பலர் அறியார், அறிந்திருத்தல் நன்று.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவுக்குச் சென்று, லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியேற்றார். அந்நாட்டில் தொழுநோயாளர் சிலரே. ஆனால் நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் எண்ணற்றோர் இருந்தனர். அவர்களுடைய புண்களைக் கண்ட பிராண்டுக்கு, வேலூரில் பார்த்த அதே பாதங்களை மீண்டும் பார்ப்பது போன்றே தோன்றியது. அங்குள்ள மருத்துவர்களோ அவற்றைச் சர்க்கரையின் கோளாறாகவும் இரத்தக் குழாயின் கோளாறாகவும் மட்டுமே கருதிக் காலை எடுத்துவந்தனர். கரிகிரியில் கற்ற செருப்பும், மாக்கட்டும், தொட்டுப் பார்க்கும் பழக்கமும் கார்வில் வழியாக நீரிழிவு மருத்துவத்தில் நுழைந்தன. அழுத்தம் மிகுந்த இடத்தில் உடைந்து சாயம் பரப்பும் நுண்ணுறைகள் கொண்ட மெல்லிய காலுறை ஒன்றையும் அங்கே உருவாக்கினர். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து, நோயாளி அதை உணர்கின்றாரா என்று சோதிக்கும் முறையும் இந்தப் பணியால் பரவியது. சில நொடிகளில் முடியும் சோதனை அது. இழையின் விலையும் அற்பமே.

மாக்கட்டின் பயன் வெறும் நம்பிக்கை என்று எவரும் தள்ளிவிட முடியாதபடி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஓர் ஆய்வு நடத்தி 1989-இல் வெளியிட்டனர். நீரிழிவுப் பாதப்புண் உடைய 40 பேரை இரு பிரிவாக்கினர். மாக்கட்டுப் போட்ட 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறியது; மருந்து வைத்துத் துணி கட்டி வந்த 19 பேரில் 6 பேருக்கே ஆறியது. எனினும் இரத்த ஓட்டம் குன்றிய காலுக்கும், சீழ் பிடித்து வீங்கிய புண்ணுக்கும் இக்கட்டு ஆகாது. தேர்ந்தவர் கைகளாலேயே போடப்பட வேண்டியது. வீட்டில் முயல்வதற்குரியதன்று.

சென்ற வழியே அறிவு திரும்பியும் வந்தது. சென்னை ராயபுரத்தில் எம். விசுவநாதன் 1954-இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனை, பிற்காலத்தில் பாதப் பராமரிப்புக்கும் பெயர் பெற்றது. அங்கே நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, மென்மையான உட்தளம் கொண்ட செருப்பை அணிந்தோருக்கு, வழக்கமான செருப்பை அணிந்தோரைவிடப் புதிய புண் மிகக் குறைவாகவே தோன்றியதைக் காட்டியது. கரிகிரி நிலையமும் இன்று தொழுநோயோடு நீரிழிவுப் பாதங்களையும் பார்த்து வருகின்றது. பிராண்ட் 2003-இல் காலமானார்.

ஆனால் ஒரு தடை, மருத்துவத்தால் நீக்க முடியாத தடை, இடையே நின்றது. எம்.சி.ஆர். செருப்பு தொழுநோயாளியின் செருப்பு என்று ஊரார் அடையாளம் கண்டுகொண்டனர். அதை அணிந்தவனைக் கடைக்காரர் ஐயத்தோடு நோக்குவர். பேருந்தில் அருகில் அமர்பவர் விலகுவர். தொழுநோய் முற்றும் தீர்ந்தவர்களே அந்தச் செருப்பைப் பையில் ஒளித்துக்கொண்டு வெறுங்காலில் ஊருக்குள் சென்றதுண்டு. அதே செருப்பை நீரிழிவாளருக்குக் கொடுத்தபோது, அவரும் முகம் சுளித்தார். கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களில் பரவி, தொழுநோய் பெருமளவு ஒடுங்கி, தேசிய அளவில் அது பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீங்கியதாக 2005 இறுதியில் அறிவிக்கப்பட்ட பின்னரும், அந்த மனத்தடை முழுதும் அகலவில்லை. இப்பொழுது பல நிறங்களிலும் பார்வைக்கு அழகான வடிவங்களிலும் இவ்வகைச் செருப்புகள் செய்யப்படுகின்றன. அவற்றின் உட்புறம் மென்மையாகவும், அடி கெட்டியாகவும், பின்வாரோடும் இருந்தால் போதும். வெளித்தோற்றம் எப்படி இருப்பினும் குறையில்லை.

நாயுடுபேட்டை போன்ற ஊரில் வாழும் நீரிழிவாளர் என்ன செய்யலாம்? பெரிய மருத்துவமனைக்கு அவர் திருப்பதிக்கோ நெல்லூருக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருக்கும். அன்றாடக் காவலுக்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. மாலையில் கால் கழுவிய பின், விளக்கொளியில் இரு பாதங்களையும் பார்க்கலாம். குனிய முடியாதவர் ஒரு முகக் கண்ணாடியைத் தரையில் வைத்து அதில் உள்ளங்காலைக் காணலாம். கண் பார்வை மங்கியவருக்கு வீட்டிலுள்ள பேரனோ பேத்தியோ பார்த்துச் சொல்லலாம். கழுவும் நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெடிப்புள்ள குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் கால் ஆணி மருந்தை ஒட்டுவதும் பலருக்கு விரலை இழக்கச் செய்துள்ளன. குளிர் காலத்தில் கனலருகில் கால் நீட்டுவதும் அவ்வாறே. செருப்பை அணியும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது. சிறு கல்லும் தேளும் அங்கே தங்குவதுண்டு. புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டாம். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வாங்குவதே பொருத்தமான அளவைத் தரும். கொப்புளமோ நிறமாற்றமோ, ஓரிடத்துச் சூடோ வீக்கமோ கண்டால், வலி இல்லையே என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனித் திருமலை யாத்திரைக்கு வருவோம். உணர்ச்சி குன்றிய பாதமுடையவர் நடைவழியை விட்டுப் பேருந்தில் மலையேறுவது பக்திக்குக் குறைவாகாது. அதற்கும் மேலாக நேர்ந்துகொண்டவர் தம் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்தல் வேண்டும். கோவிலுக்குள் காலணி இன்றி நிற்க வேண்டிய இடங்களில், வெயில் ஏறும் முன்பே, விடியற்காலையில் சென்று திரும்புவது ஒரு வழி. தடித்த பருத்திக் காலுறை சூட்டைச் சிறிதளவே தடுக்கும். அது செருப்புக்கு ஈடாகாது. திரும்பி வந்து நாயுடுபேட்டை இரயிலடியில் வண்டிக்காகக் காத்திருக்கும் வேளையில், காலுறையைக் கழற்றி இரு உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறலாம்.